பார்ம்ப்டனும் பிஷப்பின் மகளும்

வட இங்கிலாந்தில் டார்லிங்டன் என்ற ஊரின் வடகிழக்கு ஓரத்தில் எங்கள் வீடு. சாயங்காலம் நடக்கப் போனால், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் பார்ம்ப்டன் என்று ஒரு பெயர்ப்பலகை நிற்கும். அதைத் தாண்டினால் ஸ்கெர்ன் ஆறு. ஆறு என்கிறார்களே தவிர, நம் ஊர் வாய்க்கால் அகலம்தான் இருக்கும். பார்ம்ப்டன் என்பது ஒரு சில வீடுகள், பண்ணைக் கட்டடங்கள், அவ்வளவே. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஸ்கெர்னிங்ஹாம். அங்கே வீடுகள் அதைவிடக் குறைவு, மரங்கள்தான் அதிகம்.

ஆறு வருஷமாக இந்த வழியில் நடக்கிறேன். போன குளிர்காலத்தில் டர்ஹாமின் பழைய வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த இரண்டு பெயர்களும் ஒரே வரியில் எதிரே வந்து நின்றன. டர்ஹாம் முற்றுகையைப் பற்றி ஒரு துறவி எழுதிய சின்ன லத்தீன் நூல் அது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோது அவளோடு கொடுத்த ஆறு கிராமங்களின் பட்டியல் அதில் இருக்கிறது: பார்ம்ப்டன், ஸ்கெர்னிங்ஹாம், எல்டன், கார்ல்டன், ஏய்க்லிஃப், ஹெசெல்டன். அன்றைக்கு நடக்கப் போகவில்லை. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் எக்ஃப்ரிடா. டர்ஹாம் பிஷப் ஆல்டுனின் மகள். பிஷப்புக்கு ஏது மகள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்தில், அந்த வட்டாரத்தின் பெரிய புனிதரான கத்பெர்ட்டின் சபையைச் சேர்ந்த குருமார் மணம் செய்துகொண்டு குடும்பம் நடத்தினார்கள்; அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. 995-இல் கத்பெர்ட்டின் உடலைக் கொண்டுவந்து, காடாகக் கிடந்த டர்ஹாம் குன்றில் வைத்தவர் இந்த ஆல்டுன்தான். கோக்கெட் ஆற்றுக்கும் டீஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட ஜனங்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து அந்தக் காட்டை வெட்டிக் கொடுத்தவன் உத்ரெட். பாம்பரோக் கோட்டையை ஆண்ட குடும்பத்துப் பையன். பிஷப்பிடம் நிலம் இருந்தது, உத்ரெட்டிடம் வாள் இருந்தது. ஆல்டுன் அவனையே மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டார்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். என் மகளைக் கௌரவமாக மனைவியாக வைத்திருக்கும்வரை இந்த ஆறு கிராமங்களும் உன்னுடையவை.

எங்கள் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு நாற்பது வருஷம் உட்கார்ந்தவர். அவர் ஒன்று சொல்வார்: "ஆள் பேர் தப்பா இருந்தா பிழைதிருத்தல் பத்திரம் போட்டுக்கலாம்டா. எல்லை தப்பாயிட்டா மூணு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும்." ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் கல்யாண ஒப்பந்தங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் எழுதிய அப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் இரண்டு நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன. இரண்டும் 1014-க்கும் 1020-க்கும் இடைப்பட்டவை.

ஒன்று வுர்ஸ்டர் பக்கத்தது. ஆர்ச்பிஷப் வுல்ஃப்ஸ்டனின் சகோதரியை வுல்ஃப்ரிக் என்பவர் மணந்தபோது எழுதியது. ஆர்ல்டன், ரிப்ஸ்ஃபோர்டு நிலங்கள் அவள் ஆயுள் உள்ளமட்டும். நைட்விக் நிலத்தை வின்ச்கோம் மடத்திடமிருந்து மூன்று ஆயுள் காலத்துக்குக் குத்தகையாக வாங்கித் தருவதாக வாக்கு. ஆல்டன் நிலம் முழுக்க அவளுக்கே. உயிரோடு இருக்கும்போதோ பிறகோ, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்புறம் 50 மான்கஸ் தங்கம், 30 ஆட்கள், 30 குதிரைகள். ஒரு மான்கஸ் என்பது 30 வெள்ளிப் பென்னி. அதற்கு எண்பது வருஷம் முன்னால் லண்டனில் எழுதிய ஒரு சட்டத்தில் ஒரு எருதின் விலை ஒரு மான்கஸ். அந்தக் கணக்கில் பார்த்தால் தங்கம் மட்டுமே ஐம்பது எருதுக்குச் சமம்.

இன்னொன்று கென்ட் பகுதியில் எழுதியது. பிரிட்ரிக்கின் மகளைக் கேட்டு வந்த காட்வின், அவள் சம்மதிப்பதற்கென்றே ஒரு பவுண்டு எடைத் தங்கம் கொடுத்தார். கூடவே ஸ்ட்ரீட் என்ற இடத்து நிலம், பர்மார்ஷில் 150 ஏக்கர், 30 எருது, 20 பசு, 10 குதிரை, 10 அடிமைகள். பேச்சு முடிந்தது கிங்ஸ்டனில், இங்கிலாந்தைப் பிடித்த டேனிய ராஜா கனூட்டின் முன்னிலையில். பெண்ணை அழைத்து வந்தது பிரைட்லிங்கிலிருந்து. இருவரில் யார் பின்னால் சாகிறார்களோ, எல்லாச் சொத்தும் அவர்களுக்கு. மூன்று பிரதி எழுதினார்கள்: இரண்டு கேன்டர்பரி மடங்களில், ஒன்று பெண்ணின் தகப்பனிடம்.

இந்த இரண்டு பத்திரங்களையும் கேட்டதும் நம் ஆட்கள் வரதட்சணை என்று நினைத்துவிடக் கூடாது. வரதட்சணை போகிற திசைக்கு எதிர்த்திசை இது, மாப்பிள்ளை கொடுப்பது. ஏறக்குறைய நம் பரிசம் மாதிரி. ஆனால் பரிசம் பெண் வீட்டாரிடம் போகும். இங்கே பெரும்பகுதி பெண்ணின் கைக்கே போகிறது. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் சொத்துக்கு அவர்கள் மொழியில் 'காலைப் பரிசு' என்றே பெயர். அவன் செத்தாலும் அது அவளுடையது. அதற்காக அவள் கோர்ட்டில் நிற்கலாம், கோயிலுக்கு எழுதிவைக்கலாம். அந்தக் காலத்து மற்ற நாடுகளோடு வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை.

இவ்வளவு சொன்ன அந்த இரண்டு பத்திரங்களிலும் பெண்ணின் பெயர் இல்லை. ஒருத்தி 'ஆர்ச்பிஷப்பின் சகோதரி'. இன்னொருத்தி 'அவருடைய மகள்'. பர்மார்ஷில் எத்தனை ஏக்கர் என்பது தெரியும். பிரைட்லிங்கிலிருந்து கிளம்பி வந்தவள் பெயர் தெரியாது. கனூட்டுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தவரும் இதே வுல்ஃப்ஸ்டன்தான். எந்தப் பெண்ணையும் அவளுக்குப் பிடிக்காதவனுக்குக் கட்டாயப்படுத்திக் கொடுக்கக் கூடாது, காசுக்கு விற்கக் கூடாது, மாப்பிள்ளை இஷ்டப்பட்டுக் கொடுத்தால் மட்டும் வாங்கலாம் என்று அந்தச் சட்டத்தில் இருக்கிறது. விதவை பன்னிரண்டு மாதம் காத்திருந்துவிட்டுத் தன் விருப்பப்படி முடிவு செய்யலாம். அதற்குள் மறுமணம் செய்தால் காலைப் பரிசும் முதல் கணவன் வழியாக வந்த எல்லாமும் போய்விடும். அப்படிப்பட்ட மனுஷர் தன் சகோதரியின் பெயரைப் பத்திரத்தில் எழுத வைக்கவில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

எக்ஃப்ரிடாவின் பெயர் மட்டும் எப்படித் தப்பியது? டர்ஹாம் துறவிகளுக்கு அந்த ஆறு கிராமங்களும் வேண்டியிருந்தன. யாரிடமிருந்து யாருக்குப் போனது, யாரிடம் திரும்பியது என்று தொடர்ச்சி காட்டினால்தான் கோயிலுக்கு உரிமை நிற்கும். நாம் வில்லங்கம் பார்ப்பதில்லையா, அதே வேலைதான். அந்தத் தொடர்ச்சியில் ஒரு கண்ணி இந்தப் பெண். அதனால் அவள் பெயர் எழுதப்பட்டது.

சரி, உத்ரெட்டிடம் வருவோம். 1006 வாக்கில் ஸ்காட்லாந்து ராஜா மால்கம் டர்ஹாமை முற்றுகையிட்டான். உத்ரெட்டின் அப்பா வயசாகிப்போய் பாம்பரோக் கோட்டைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். மகன் படை திரட்டி வந்து ஸ்காட்டியரை நொறுக்கினான். செத்தவர்களில் பார்க்க லட்சணமாக, முடியைப் பின்னியிருந்த தலைகளாகப் பொறுக்கி டர்ஹாமுக்குக் கொண்டுவரச் சொன்னான். நான்கு பெண்கள் அந்தத் தலைகளைக் கழுவிக் கொடுத்தார்கள். கூலி ஆளுக்கு ஒரு பசு. பிறகு மதிலைச் சுற்றிக் கழுமரத்தில் நட்டார்கள். அந்த நான்கு பெண்களுக்கும் பெயர் இல்லை, ஆனால் பசு கணக்கில் இருக்கிறது.

இந்த வெற்றிக்குப் பிறகு இங்கிலாந்து ராஜா எதெல்ரெட் அவனுக்கு அப்பாவின் பதவியோடு யார்க் பிரதேசத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஆள் பெரிய மனுஷன் ஆகிவிட்டான். முதல் வேலையாக எக்ஃப்ரிடாவைத் தள்ளிவைத்தான். நிபந்தனை இருந்ததல்லவா, கோயில் நிலங்களும் அவன் கையைவிட்டுப் போயின. தனக்கு ஒரு மகனையும் பெற்றுக்கொடுத்தவளைத் திருப்பி அனுப்பியது அவனுக்கு ஆறு கிராமச் செலவு. யார்க் கையில் இருக்கும்போது அது தாங்கக்கூடிய செலவுதான்.

அடுத்துக் கட்டியது சிகே என்பவளை. யார்க் நகரத்துப் பணக்காரர் ஸ்டிர் என்பவரின் மகள். ஸ்டிர், அவர் அப்பா உல்ஃப், இரண்டுமே டேனியர் வழிப் பெயர்கள். வைக்கிங்குகள் வந்து குடியேறி நூறு வருஷத்துக்கு மேல் ஆன ஊர் அது. புதிதாக வந்த அதிகாரிக்கு அங்கே காலூன்ற உள்ளூர்ச் சம்பந்தம் தேவைப்பட்டது. இந்த ஸ்டிர் யார் என்று தேடிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் இப்போது வாடகை கொடுத்துக் குடியிருக்கும் டார்லிங்டனை, எதெல்ரெட் ராஜாவின் அனுமதியோடு புனித கத்பெர்ட்டுக்கு எழுதிவைத்தவர் அவர்தான். இந்த ஊரின் பெயர் வருகிற மிகப் பழைய பதிவு அது.

ஸ்டிர் போட்ட நிபந்தனை வேறு மாதிரி. நிலம் கேட்கவில்லை. தர்பிராண்ட் என்று எனக்கு ஒரு பரம எதிரி இருக்கிறான், நீ அவனைக் கொல்ல வேண்டும். அதுதான் கல்யாணப் பேச்சு.

உத்ரெட் அவனைக் கொல்லவில்லை. போரில் பேர் மேலும் வளர, ராஜாவே தன் மகள் எல்ஃப்கிஃபுவைக் கட்டிக்கொடுத்தார். மூன்றாவது கல்யாணம். பிஷப்பின் மகள், நகரத்துப் பணக்காரரின் மகள், ராஜாவின் மகள் என்று ஏணிப்படி மாதிரி ஏறியிருக்கிறான். ஒரே ஆளின் கொள்வினை கொடுப்பினையில் கோயிலும் நகரமும் அரண்மனையும் வந்துவிட்டன.

விசுவாசம் என்பது அவர்களுக்கு என்ன பொருளில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிரபுவிடம் ஆள் சேரும்போது எடுக்கும் சத்தியத்தின் வாசகம் கிடைத்திருக்கிறது. நீங்கள் நேசிப்பதை நேசிப்பேன், வெறுப்பதை வெறுப்பேன் என்று அதில் வரும். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் முடிவில் ஒரு வால் உண்டு: என் தகுதிக்கேற்ப என்னை வைத்திருக்கும்வரை, நான் உங்களிடம் சேர்ந்தபோது பேசியதையெல்லாம் நீங்கள் நிறைவேற்றும்வரை. ஆல்டுன் மகளுக்காகப் போட்ட நிபந்தனையும் இதே அச்சுதான். கல்யாணம், சேவகம் இரண்டிலும் ஒரே மொழி பேசியிருக்கிறார்கள்.

கனூட் படையோடு வந்து தன் பக்கம் சேரச் சொல்லி ஆள் அனுப்பியபோது, உத்ரெட் சொன்ன பதிலை அந்த லத்தீன் நூல் வைத்திருக்கிறது. எதெல்ரெட் என் எஜமானர், என் மாமனாரும்கூட. எனக்குப் போதுமான செல்வமும் மரியாதையும் அவர் கொடுத்தவை. அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். இந்தக் கதை மொத்தமும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது: கல்யாணம், செல்வம், விசுவாசம். இந்தப் பதிலை நான் மனதார நம்புகிறேன். அதே சமயம், 1013-இல் கனூட்டின் அப்பா ஸ்வேன் கெய்ன்ஸ்பரோவில் வந்து இறங்கியவுடன் முதலில் பணிந்தது உத்ரெட்டும் நார்தம்பிரியாவும்தான் என்று ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் எழுதி வைத்திருக்கிறது. மாமனார் அடுத்த சில மாதங்களில் நாட்டைவிட்டே ஓடினார். ஸ்வேன் செத்து மாமனார் திரும்பி வந்ததும் மாப்பிள்ளையும் திரும்பினான். ஒரே மனுஷனுக்குள் இரண்டும் இருந்தன. இதை நான் துரோகம் என்று சொல்லத் தயங்குகிறேன். காப்பாற்ற முடியாத எஜமானருக்கு வடக்கில் ஒரு பிரதேசமே எத்தனை நாள் காத்திருக்கும்?

அதே காலத்தில் தெற்கே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், கல்யாணமும் நிலமும் ஆட்களும் எப்படி ஒரே கயிற்றில் கட்டியிருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் படித்ததில்லை. 1015-இல் ஆக்ஸ்ஃபோர்டு சபைக்கு வந்த சிகெஃபெர்த், மோர்கார் என்ற இரண்டு பெரிய தலைக்கட்டுகளை ஈட்ரிக் ஸ்ட்ரியோனா தன் அறைக்கு அழைத்துப்போய்க் கொன்றான். ஈட்ரிக்கும் ராஜாவின் மருமகன்தான். ராஜா செத்தவர்களின் சொத்தை எடுத்துக்கொண்டு, சிகெஃபெர்த்தின் விதவையை மாம்ஸ்பரியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். ராஜாவின் மகன் எட்மண்ட் அங்கே போய், அப்பாவின் பேச்சை மீறி, அவளைக் கூட்டிவந்து கல்யாணம் செய்துகொண்டான். நேராக வடக்கே போனான். செத்தவர்களின் நிலங்களையெல்லாம் எடுத்தான். அங்கிருந்த ஜனம் அவனுக்குப் பணிந்தது. ஒரே கோடையில் ஒரு விதவையின் கைப்பிடித்து ஒரு பிரதேசத்தையே வாங்கிவிட்டான். அவளுக்கு அதில் விருப்பம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புருஷனைக் கொன்றவர்களுக்கு எதிராக நிற்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

1016 வசந்தத்தில் உத்ரெட் இந்த எட்மண்டோடு சேர்ந்து ஸ்டாஃபோர்டு, ஷ்ரோப்ஷயர், செஸ்டர் பக்கம் கொள்ளையடித்துக்கொண்டிருந்தான். அதற்குள் கனூட் யார்க்கை நோக்கி வடக்கே ஏறிவிட்டான். வீடு பறிபோகிறது என்று தெரிந்ததும் உத்ரெட் திரும்பி ஓடிப் பணிந்தான், பிணைக்கு ஆட்களும் கொடுத்தான். பேச்சுவார்த்தைக்கு வைஹீல் என்ற இடத்துக்கு நாற்பது பேரோடு போனான். மண்டபத்தில் குறுக்கே ஒரு திரை தொங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து கவசம் பூண்ட ஆட்கள் பாய்ந்து நாற்பது பேரையும் அவனையும் வெட்டினார்கள். ஆட்களை ஒளித்து வைத்தவன் தர்பிராண்ட். ஸ்டிரின் எதிரி. சிகேயைக் கட்டும்போது கொல்வதாக ஒப்புக்கொண்டு, உத்ரெட் கொல்லாமல் விட்ட ஆள்.

உத்ரெட்டின் இடத்துக்கு கனூட் நியமித்தது எரிக் என்ற நார்வே பிரபுவை. கனூட்டின் சகோதரியைக் கட்டியவர். கனூட்டே 1017-இல் எதெல்ரெட்டின் விதவை எம்மாவை மணந்தான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். 1006-இல் எதெல்ரெட் ஆட்சியில் கொல்லப்பட்ட எல்ஃப்ஹெல்மின் மகள். உத்ரெட்டுக்கு யார்க் கிடைத்ததே எல்ஃப்ஹெல்ம் விழுந்ததால்தான். திரைக்குப் பின்னால் நின்றவன் தர்பிராண்ட் என்றாலும், திரையைத் தொங்கவிட்டதில் கனூட்டின் மாமனார் வீட்டுப் பழியும் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பழி அதோடு நிற்கவில்லை. எக்ஃப்ரிடாவின் மகன் ஈல்ட்ரெட் வளர்ந்து தர்பிராண்டைக் கொன்றான். தர்பிராண்டின் மகன் கார்லும் ஈல்ட்ரெட்டும் ஒருவரை ஒருவர் வேட்டையாடிக்கொண்டே இருந்தார்கள். பொதுவான நண்பர்கள் நடுவில் பேசி, இருவரும் சத்தியம் செய்து சகோதரர்கள் ஆனார்கள். சேர்ந்து ரோமுக்கு யாத்திரை போகலாம் என்று கிளம்பினார்கள். கடலில் புயல், பயணம் தள்ளிப்போயிற்று. கார்ல் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் விருந்து வைத்து, காட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய் ரைஸ்வுட் என்ற காட்டில் வெட்டினான். அது 1038. பிறகு ஈல்ட்ரெட்டின் பேரன் வால்தியோஃப், 1070-களில், செட்டிரிங்டனில் விருந்தில் உட்கார்ந்திருந்த கார்லின் பிள்ளைகளையும் பேரன்களையும் ஆள் விட்டு வெட்ட வைத்தான். நார்மன்கள் நாட்டைப் பிடித்து ஏழெட்டு வருஷம் ஆகியும், இவர்களுக்கு முடிக்க வேண்டிய கணக்கு இருந்தது.

இந்தக் கொலைகளைச் சொல்பவர்கள் அநேகம். எக்ஃப்ரிடாவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று சொல்பவர்கள் குறைவு, அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உத்ரெட் தள்ளிவைத்த பிறகு, யார்க்ஷயரில் கில்வர்ட் என்ற ஒரு தலைக்கட்டு அவளைக் கட்டிக்கொண்டான். அவனுக்கும் ஒரு மகளைப் பெற்றாள், சிக்ரிடா. அவனும் தள்ளிவைத்துவிட்டான். அப்பா டர்ஹாமுக்கு வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார். வந்தாள். அதுவரை தன் கையில் வைத்திருந்த பார்ம்ப்டன், ஸ்கெர்னிங்ஹாம், எல்டன் மூன்றையும் கையோடு கொண்டுவந்து கோயிலுக்கே திருப்பினாள். முக்காடு வாங்கிக் கன்னியாஸ்திரீயாகி, சாகும்வரை அந்த விரதத்தில் நன்றாக இருந்தாள் என்று எழுதியிருக்கிறது. டர்ஹாம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.

இரண்டு முறை பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். இரண்டு முறையும் வெறுங்கையோடு வரவில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பா வயதேறிக் கிழவரான நாளில், மகள் வாசலில் நிற்கிறாள். ஆனால் யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டியதில்லை.

அவள் பேத்தி ஒருத்தி இருந்தாள், எல்ஃப்ளெட். ஈல்ட்ரெட்டின் மகள். சிவர்ட் என்ற டேனியப் பிரபுவை மணந்தாள்; வால்தியோஃப் அவர்கள் மகன். இந்த எல்ஃப்ளெட், பாட்டி வழியில் எனக்கு வர வேண்டியவை என்று சொல்லி, அந்த நிலங்களைக் கேட்டு வாங்கினாள். பல வருஷமாகக் கோயில் குருமார் தங்களுடையது என்று நினைத்திருந்த மண்.

நேற்று ஆற்றோரம் நடந்தபோது ஸ்கெர்னிங்ஹாம் பக்கம் வயலில் புதிதாக அளவுக் குச்சிகள் நட்டிருந்தார்கள், முனையில் ஆரஞ்சுச் சாயம் பூசி. அங்கே புது வீடுகள் வரப்போவதாக ஊரில் பேச்சு. குச்சிகள் போகும் கோட்டைப் பார்த்துக்கொண்டு பார்ம்ப்டன் பாலம்வரை போய்த் திரும்பினேன்.